கதை கேட்டுத் தூங்குபவர்

ஓசூரில் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ் கிளம்பினால், சானமாவு காடு வருவதற்குள் எல்லோரும் குறட்டை விடுவோம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும், இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றபடியே வருவார். கண்கள் சிவந்திருக்கும்.

ஒருநாள் கேட்டேன். "ஏண்ணா, உக்காந்து தூங்கக் கூடாதா?"

"ஒக்காந்தா தூங்கிடுவேன் தம்பி. எறங்கற எடத்த விட்டுட்டா எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போயிடுவா, இன்னிக்குக் கதை போச்சு."

"என்ன கதை?"

"பகல் ஷிப்ட்னா படுக்கறப்போ அவளுக்கு நான் படிக்கணும். நைட் ஷிப்ட்னா காலைல நான் படுப்பேன், அவ எனக்குப் படிப்பா. ஒருநாளும் விடக்கூடாதுன்னு எங்களுக்குள்ள பேச்சு. மூணாங்கிளாஸ்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாவும்."

"பாதியில தூங்கிட்டீங்கன்னா?"

"எழுப்ப மாட்டா. கொரல மட்டும் கொறச்சுக்குவா. கடைசி வரைக்கும் படிச்சுட்டு, போர்வைய இழுத்துவிட்டு, கதவ சத்தமில்லாம சாத்திட்டுப் போவா."

"தூங்கறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். குருபரப்பள்ளி வந்ததும் இறங்கி, வேகமாக நடந்தார்.

ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் திறந்தே இருந்த கண்கள். அவற்றை மூடிக்கொண்டும் தூங்காமல் கிடக்க அந்த மனிதருக்கு எப்படித்தான் முடிந்ததோ!