இரண்டாம் பிளாக் அம்மா

பேருந்தை விட்டு இறங்கியதும் அந்த அம்மாவுக்கு முதல் வேலை கைப்பையை ஒழிப்பது. குடியிருப்பின் வாசலுக்கு எதிரே ஒரு தையல் கடை. அங்கே பையைக் கொடுத்துவிட்டு, அதற்குள் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்வார். தலையில் இறுக்கியிருந்த ஊசிகளைக் கழற்றிக் கொண்டையைச் சற்றுச் சரியவிடுவார். முகத்து வியர்வையை முந்தானையால் ஒற்றி எடுப்பார். பக்கத்து பிளாக்கிலிருந்து வருகிறவளுக்குக் கைப்பை எதற்கு, வியர்வைதான் எதற்கு? நடையும் மாறிவிடும். பேருந்தில் முண்டியடித்து வந்த நடை போய், அடுப்பை அணைத்துவிட்டு வந்த நடை வந்துவிடும். காவலாளிக்கு ஒரு தலையாட்டல். நேராக இரண்டாம் பிளாக் பக்கம் போய், ஜெனரேட்டர் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்து முதலாம் பிளாக்கை நோக்கி நடப்பார். மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் டீச்சருக்குத் தெரிவது இந்தக் கடைசித் துண்டு மட்டுந்தான்.

"ஏம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"வேலை முடியணுமே டீச்சர். ஒரு கை சர்க்கரை கொடுங்க. டீ இல்லன்னா எங்க வீட்டுக்காரர் எழுந்தே வரமாட்டார்."

சர்க்கரை கொட்டிவைக்க டப்பாவும் கிடையாது, எழுந்துவர வீட்டுக்காரரும் கிடையாது.

சினிமாவில் அவருக்கு ஆஸ்பத்திரியம்மா என்று பெயர். தாய் வேடந்தான், ஆனால் கதாநாயகனின் தாய் அல்ல. கதாநாயகனின் நண்பன் அடிபட்டுக் கிடப்பான் அல்லவா, அவனுடைய தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். கதாநாயகன் வந்து தோளைத் தொட்டு, "நான் இருக்கேம்மா" என்று சொன்னதும் வேலை முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். கண்ணில் கிளிசரின் போட விடமாட்டார். தயாரிப்பு நிர்வாகி ஒருவர், "இந்தக் கண்ணீருக்கு எங்கேருந்தும்மா கனெக்‌ஷன் எடுத்திருக்கீங்க?" என்று கேட்டபோது, "ஒருநாள் என்கூட வாடகை வீடு தேட வாங்க தம்பி, உங்களுக்கும் கிடைக்கும்" என்றார்.

கட்டியவர் லைட்மேன். படப்பிடிப்புக்குப் போனவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார், அத்தோடு சரி. பிறகு ஆஸ்பத்திரியம்மா கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் வீடு மெள்ள மெள்ள அண்ணி வீடானது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வீடு பார்த்தார். எந்த வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான்.

"எத்தனை பேரு?"

"நான் ஒருத்திதாங்க."

"என்ன வேலை?"

"சினிமாவுல..."

அவ்வளவுதான். அந்த நிமிடமே வீட்டுக்காரருக்குத் தன் மச்சினன் ஞாபகம் வந்துவிடும். மச்சினன் குடிவரப் போகிறான், மறந்தே போயிற்று, மன்னிக்க வேண்டும். "இந்த ஊர்ல பாதி வீட்டுல யாரோ ஒருத்தரோட மச்சினன்தான் குடியிருக்கான்" என்பார் ஆஸ்பத்திரியம்மா. ஒரு வீட்டு அம்மாள் இவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "உங்களைப் பார்த்து நான் எவ்வளவு அழுதிருக்கேன் தெரியுமா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார். வீடு மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கிடைத்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டி. அறையில் இருந்த மற்றப் பெண்கள் எல்லாருக்கும் மகள் வயது. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எல்லார் காதிலும் எந்நேரமும் ஏதோ ஒன்று செருகியிருக்கும். ஏதாவது சொன்னால் அதைக் கழற்றி, "என்ன ஆன்ட்டி?" என்பார்கள். மறுபடியும் சொல்லுகிற அளவுக்கு அது பெரிய சமாசாரமாக இருக்காது. "ஒண்ணுமில்லம்மா" என்றுவிடுவார்.

படம் குறைந்த ஒரு காலத்தில்தான் கட்டடக் கம்பெனியின் விற்பனை மேலாளர் அவரைத் தேடி வந்தார். இரண்டு பிளாக்காகக் குடியிருப்பு கட்டி, இரண்டாம் பிளாக்கில் ஒரு வீட்டை மாதிரிக்குச் சோடித்து வைத்திருந்தார்கள். சோபா, திரைச்சீலை, சுவரில் கடிகாரம் எல்லாம் இருந்தும் களை இல்லை.

"வெறும் வீட்டைக் காட்டினா விரிசல் எங்கேன்னு பாக்கறாங்கம்மா. உள்ள ஒரு மனுஷி இருந்தா அவங்களைப் பாப்பாங்க. நீங்க இங்க குடியிருக்கற மாதிரி சும்மா இருந்தாப் போதும்."

"வசனம் உண்டா தம்பி?"

"நீங்களே பேசிக்குங்க."

சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். குழம்பு தாளிக்கிற வாசனை வரும். "வாங்க வாங்க, வீட்டுக்காரர் இப்பதான் கடைக்குப் போனார்" என்று வரவேற்பார். கடைக்குப் போன மனிதர் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். மேலாளர்தான், "போதும்மா, இடம் பத்தாது" என்று தடுத்துவிட்டார். வீடுகள் மளமளவென்று விற்றன.

அப்படி வந்தவர்தான் டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மூட்டுவலிக்காரர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் தாய்க்காக வீடு தேடிக்கொண்டிருந்தான். அவன் குழாயைத் திறந்து பார்ப்பதும் சுவரைத் தட்டிப் பார்ப்பதுமாக இருக்க, டீச்சர் எதையும் பார்க்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து தேநீரை வாங்கிக்கொண்டார்.

"உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. பொதுவான முகம்."

"நான் சினிமா கினிமா பாக்கறதில்ல. கடைத்தெருவுல பாத்திருப்பேன்." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இவன் வாங்கிக் கொடுத்துட்டுப் போயிடுவான். எனக்குச் சுவரா பேசப்போகுது? நீங்க இங்கயே இருப்பீங்கதானே?"

மேலாளர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியம்மா, "நான் எங்க போகப்போறேன்? கூப்பிட்ட குரலுக்கு வருவேன்" என்றார்.

முதலாம் பிளாக் மூன்றாம் மாடி அன்றைக்கே விலைபோயிற்று.

எல்லா வீடும் விற்ற பிறகு மாதிரி வீடும் விற்றது. அங்கே வேறு யாரோ குடிவந்தார்கள். ஆஸ்பத்திரியம்மா விடுதிக் கட்டிலுக்குத் திரும்பினார். ஒருநாள் மேலாளர் தற்செயலாகப் போனில் பேசும்போது, "அந்த டீச்சர் குடிவந்துட்டாங்கம்மா. வந்ததுலேருந்து உங்களைத்தான் கேக்கறாங்க. ஊருக்குப் போயிருக்கீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்று சிரித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. நேரில் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, காலில் விழச்சொன்னால் விழுந்துவிடுவது என்று முடிவுசெய்து கிளம்பினார்.

டீச்சர் கதவைத் திறந்தார். ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு இரண்டு நாற்காலி வைத்திருந்தார். "வந்துட்டியா! ஊர்லேருந்து எப்ப வந்தே? இது உன் நாற்காலி" என்றார். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று தெரியவில்லை. வாய்வரை வந்த உண்மை, டீச்சர் கொடுத்த தேநீரோடு உள்ளே இறங்கிவிட்டது.

அன்றிலிருந்து படப்பிடிப்பு இல்லாத நாளெல்லாம் ஆஸ்பத்திரியம்மா இரண்டாம் பிளாக்கிலிருந்து வந்தார். டீச்சர் பென்சிலும் கையுமாகச் செய்தித்தாள் படிப்பார். தப்பாக அச்சான எழுத்தைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வரி. இவர் கீரை ஆய்ந்துகொண்டே வீட்டுக்காரர் புராணம் சொல்வார். அந்த வீட்டுக்காரருக்கு இல்லாத வியாதி இல்லை. மூட்டுவலியால் டீச்சர் பக்கத்து பிளாக்வரை நடந்துவரமாட்டார் என்ற தைரியம் இருந்தாலும், ஒரு பாதுகாப்புக்கு எப்போதும் அவரைப் படுக்கையில் போட்டிருந்தார். ஒருமுறை டீச்சர், "இருமல் நின்னுதா?" என்று கேட்க, இருமல் கொடுத்ததே மறந்துபோய், "எந்த இருமல்?" என்று விழித்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்காரர் குடிக்கமாட்டார், கைநீட்டமாட்டார், கொடுத்ததைச் சாப்பிடுவார். உண்மையில் வாழ்ந்து செத்தவரைவிட இவர் எவ்வளவோ தேவலை. சாயங்காலம் டீச்சரிடம் விடைபெறும்போது, "அவர் தேடுவார்" என்று சொல்லிக்கொண்டு எழுந்திருப்பது அவருக்கே பிடித்திருந்தது. தேட ஓர் ஆள் இருக்கிற பெண்ணின் அவசரம் அதில் இருந்தது. வாசலைத் தாண்டிப் பையை வாங்கி, பேருந்தில் ஏறி உட்கார்ந்தபின் அந்த அவசரம் வடிந்துவிடும்.

ஒருநாள் டீச்சர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, ஆனால் மகன் பறந்து வந்துவிட்டான். இனித் தனியாக விடமுடியாது, தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றான். வீட்டை வாடகைக்கு விடுவதாக ஏற்பாடு. மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில் டீச்சர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குன்னு ஒரு வீடு இல்லாம இருந்திருந்தா யோசிக்கவே மாட்டேன். சாவியை உன் கையில கொடுத்து, நீ இருடின்னு சொல்லியிருப்பேன். இப்பப் பாரு, யாரோ முகம் தெரியாதவங்களுக்கு விடவேண்டியிருக்கு."

இப்போது சொல்லாவிட்டால் எப்போது? "டீச்சர், ஒண்ணு சொல்லணும்..." என்று ஆஸ்பத்திரியம்மா தொடங்கினார்.

உள்ளேயிருந்து மகன் வந்தான். "ஆன்ட்டி, நீங்க பக்கத்துலயே இருக்கறதால சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். குடும்பமா இருந்தா மட்டும் காட்டுங்க. தனி ஆள் வேண்டாம். சினிமாக்காரங்கன்னா வாசப்படியே ஏத்தாதீங்க."

"அவளுக்கு நீ சொல்லித் தரணுமா?" என்றார் டீச்சர். "அவ குடும்பஸ்திடா." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "என்னமோ சொல்ல வந்தியே?"

"உடம்பைப் பாத்துக்குங்கன்னு சொல்ல வந்தேன் டீச்சர்" என்று ஆஸ்பத்திரியம்மா சிரித்தார். ஒரே டேக்கில் ஓகே ஆகியிருக்க வேண்டிய சிரிப்பு.

சாவி கையிலிருந்த முதல் நாள், காலி வீட்டில் சுவரோரம் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறந்தார், மூடினார். தங்கிவிட்டால் என்ன? விளக்கெரிந்தால் காவலாளிக்குத் தெரியும். காவலாளி சொன்னால் மகனுக்குத் தெரியும். மகன் சொன்னால் டீச்சருக்குத் தெரியும். முதல் இரண்டு பேரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

வந்தவர்கள் சிலருக்குச் சமையலறை சின்னது, சிலருக்கு மாடி உயரம். பிறகு ஒரு பெண் வந்தாள். தனியாக வந்தாள்.

"என்ன வேலைம்மா?"

"பேங்க்ல, ஆன்ட்டி."

ஆஸ்பத்திரியம்மா நிமிர்ந்து பார்த்தார். முகம் புதிது. குரல் புதிதல்ல. வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தில் மாமியார் வேடம் கிடைத்து மருமகளைத் திட்டித் தீர்த்திருந்தார். திரையில் கதாநாயகி வாயசைத்துக் கதறியது இந்தக் குரலில்தான்.

"நீ டப்பிங் பேசற பொண்ணுதானே?"

அவள் முகம் செத்துவிட்டது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க ஆன்ட்டி, வர்றேன்" என்று திரும்பினாள். பலமுறை திரும்பிப் பழகிய திரும்பல்.

"எங்க போற? இன்னும் சமையலறையே பாக்கலியே" என்றார் ஆஸ்பத்திரியம்மா.

அவள் நம்பாமல் நம்பி வீட்டைச் சுற்றிவந்தாள். சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து ஏதோ வசனம் பேசிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர வெளியே வந்தாள். "விடுதியில ஒரு வரி பேசிப் பழக முடியாது ஆன்ட்டி. சுத்தி ஆளுங்க. கதவைச் சாத்தினா நான் மட்டும் இருக்கற மாதிரி ஒரு இடம்... எத்தனை வருஷமாத் தேடறேன் தெரியுமா?"

ஆஸ்பத்திரியம்மா அவளிடம், தானும் கூடத் தங்கலாமா என்று கேட்பதாக இருந்தார். அதைக் கேட்கவில்லை. போனை எடுத்து டீச்சர் மகனைக் கூப்பிட்டார்.

"குடும்பம்தான் தம்பி. அம்மாவும் பொண்ணும். பொண்ணுக்குப் பேங்க் வேலை."

"அம்மா எப்படி?"

"புருஷன் இல்லாதவங்க, பாவம். அதிர்ந்து பேசமாட்டாங்க. அவங்க இருக்கற இடமே தெரியாது."

போன் டீச்சர் கைக்கு மாறியது. "அந்தம்மா உனக்குப் பேச்சுத்துணைக்கு வருவாங்களா?"

"வருவாங்க டீச்சர்."

"அப்பாடா. ஜன்னலோரம் என் இடத்துல உக்காரட்டும்" என்றார் டீச்சர்.

போனை வைத்ததும் அந்தப் பெண், "எனக்கு அம்மா இல்லியே ஆன்ட்டி" என்றாள்.

"யாராவது கேட்டா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு."

குடிவந்த அன்றே எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அம்மா வரலியா?" என்று கேட்டுவிட்டாள். பெண் தடுமாறிவிட்டாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியம்மா வந்தபோது, பயந்துபோய் அதைச் சொன்னாள். அவர் கையிலிருந்த துணிப்பொட்டலத்துடன் குளியலறைக்குள் போனார். வெளியே வரும்போது அவர் தோளில் ஒரு நீலப் புடவை, அவரே கட்டிக் கட்டி வெளுத்தது, நனைத்துப் பிழிந்திருந்தது. நேராகப் பால்கனிக்கு நடந்தார். எதிர்வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தெரியும்படி கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதை விரித்துப் போட்டார். காற்று தூக்காமல் இருக்கக் கிளிப் மாட்டினார். கீழே கரை ஒரு பக்கம் ஏறியிருந்தது. குனிந்து, இழுத்து, சமமாக்கினார்.