மாப்பிள்ளை பார்த்து லென்ஸ் கொடுக்கும் கடை

காலை 6.10, நாமக்கல்.

ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை. சேலம் வண்டியில் மூன்றாவது வரிசை ஜன்னல் இருக்கை கிடைத்தது. தோள்பைக்குள் ஒரு ரஷ்ய ஃபிலிம் கேமரா, அதன் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு ஃபிலிம் சுருள், ஒரு டார்ச், பழைய குறிப்பேடு ஒன்று. பேன்ட்டின் உள்பையில் ஒன்பதாயிரம் ரூபாய். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். இருபத்தொன்பது வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவன் நான். அளவுக்கு மீறி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கிறவனிடம் டிக்கெட் இருக்காது என்பது என் அனுபவம். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. புத்திக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

என் கேமராவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இதில் லென்ஸ் வழியாகப் பார்த்துப் படம் எடுக்க முடியாது. ஓரத்தில் ஒரு சிறிய ஜன்னல் உண்டு. அதில் எதிரே இருப்பவர் முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும் என்பது நம்பிக்கை. லென்ஸ் என்ன பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது, கேமரா சொல்வதை நம்ப வேண்டியதுதான். என்னைப் போன்ற ஆளுக்கு இப்படியொரு கேமரா மேல் ஆசை வந்ததை என் மனைவி இன்றுவரை கேலி செய்கிறாள்.

முகங்களை எடுக்க எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும். ஜெர்மன் லென்ஸ் என்றால் லட்சத்துக்கு மேலே போகும். பென்ஷன்காரன் வாங்கக்கூடியது ரஷ்ய லென்ஸ்தான். போன ஆடி மாதம் அப்படி ஒன்றை பழனியப்பன் என்பவரிடம் வாங்கினேன். பழைய கேமரா ஆட்களின் வாட்ஸாப் குழுவில் பழக்கம். சேலம் பஸ் நிலையத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து மனைவியைப் படம் எடுத்தேன். ஒரு சுருள் முழுக்க அதே கதை: கண் மங்கல், காது மட்டும் பளிச். "காதுக்குத்தான் கல்யாணம் பண்ணீங்களா?" என்று கேட்டாள். மறுவாரம் அதே பஸ் நிலையத்தில், டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவில், பழனியப்பனை "ஏமாத்துக்காரன்" என்று சத்தம் போட்டு லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மனிதர் ஒரு வார்த்தை பேசாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். பதில் பேசாததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். குழுவிலும் அவர் பெயரைப் போட்டு எழுதினேன். அன்று மாலையே அவர் குழுவை விட்டு வெளியேறினார்.

எனவே இந்த முறை ஏமாறக்கூடாது. பயணத்தின் நோக்கம் லென்ஸ் வாங்குவது பாதி, ஏமாறாமல் வாங்குவது மீதி.

காலை 8.20, சேலம்.

ஏற்காடு பஸ். முப்பது கிலோமீட்டர் சொச்சம், அதில் மலைப்பாதையில் மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஏறி, என் காலடியில் ஒரு சாக்கைத் தள்ளினார்.

"ஏனுங்க, முன்னால எடம் இருக்குது. இதயக் கொஞ்சம் பாத்துக்குங்க. மஞ்சக்குட்டைக்கு வேற வண்டி மாறோணும்."

பதிலுக்குக் காத்திராமல் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். முன்பின் தெரியாதவர் மூட்டையை நான் ஏன் பார்த்துக்கொள்ள வேண்டும்? காலால் லேசாகத் தொட்டேன். உள்ளே ஏதோ அசைந்து 'கொக்' என்றது. இரண்டு கோழிகளாவது இருக்கும், லக்கேஜ் டிக்கெட் எடுத்திருக்க மாட்டார். எட்டாவது வளைவு வரை கண்டக்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. வெளியே பாறைச்சரிவுகள் முடிந்து, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் தொடங்கியிருந்தன. காற்று குளிர்ந்தது. நான் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது அந்த அம்மா சாக்கை எடுத்துக்கொண்டு, இரண்டு கொய்யாப் பழங்களை என் மடியில் வைத்தார். "பையில என்னங்க, கைக்கொழந்தையாட்டம் புடிச்சிருக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். லக்கேஜ் டிக்கெட் முறைப்படி கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சாக்கின் கழுத்தில், கயிற்றோடு சேர்த்து.

காலை 9.45, ஏற்காடு.

ஏரியைப் பார்க்காமல் நேரே கடைவீதிக்கு நடந்தேன். பர்வீன் என்ற பெண்ணின் மூக்குக்கண்ணாடிக் கடை. விற்பனைக் குழு ஒன்றில் அவர் போட்டிருந்த விளம்பரத்தில் ஒரே ஒரு படம், அதுவும் லென்ஸின் முன்பக்கம் மட்டும். இன்னும் இரண்டு படம் அனுப்பச் சொன்னதற்கு, நேரில் பார்க்கச் சொல்லிவிட்டார். கூரியரில் அனுப்ப மாட்டாராம். கேமராவைக் கட்டாயம் கொண்டுவர வேண்டுமாம். லென்ஸ் விற்கிறவருக்கு என் கேமரா எதற்கு? வழியெல்லாம் இதுதான் என் யோசனை.

கடை எட்டடி அகலம், நல்ல நீளம். கடைசிச் சுவரில் தமிழ் எழுத்துகளோடு கண் பரிசோதனைப் பலகை, பின்னாலிருந்து விளக்கு எரிந்தது. பர்வீனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவரே கனமான கண்ணாடி போட்டிருந்தார்.

"வாங்க சார். கேமரா கொண்டாந்திருக்கீங்களா?"

"முதல்ல லென்ஸைக் காட்டும்மா. கேமரா எதுக்கு?"

"மாப்பிள்ளையப் பாக்காம பொண்ணக் குடுப்பாங்களாங்க? நம்ம கடையில அதானுங்க வழக்கம். எஸ்டேட் பங்களா காலி பண்றவிங்க பைனாகுலர், லென்ஸுன்னு கொண்டாந்து குடுக்கறாங்க. எதயும் கேமராவுல மாட்டிப் பாக்காம நான் குடுக்கறதில்லீங்க."

பிஸ்கட் கடைகளில் இருக்கும் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றிலிருந்து லென்ஸை எடுத்தார். ஜாடியின் அடியில், செருப்புப் பெட்டிகளுக்குள் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள், அவை ஒரு கை அளவுக்குக் கிடந்தன. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பூஞ்சை நூல்கூட இல்லை. ரொட்டி இரண்டு நாளில் பூத்துப்போகும் மலையில் இவ்வளவு சுத்தமா? பின்பக்க வளையத்தைப் பார்த்தேன். அதில் திருகுவதற்கு இருக்கும் பள்ளங்கள் தேய்ந்திருந்தன.

"இதை யாரோ திறந்திருக்காங்களே."

"நான்தானுங்க. ரெண்டு தடவ தொறந்து பாத்தேன்."

"எதுக்கு?"

"என்ன கோளாறுன்னு பாக்கத்தான். ஒண்ணுமில்லீங்க."

கோளாறு இல்லாததை யாராவது இரண்டு முறை திறப்பார்களா? அப்போதுதான் வளையத்தில் பொறித்திருந்த எண் கண்ணில் பட்டது. கடைசி நான்கு இலக்கம் 4417. குறிப்பேட்டைப் புரட்டினேன். டிக்கெட் கட்டின் வரிசை எண் குறித்துக் குறித்துப் பழகிய கை, எதன் எண்ணையும் விடாது. ஆடி மாதப் பக்கத்தில் அதே எண். அதே லென்ஸ்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இது பழனியப்பன் லென்ஸ். என் தலையில கட்டப் பார்த்த அதே சரக்கு. அந்த ஆளு உன் மூலமா மறுபடியும் எனக்கே விக்கறானா?"

பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸில் பயணிகளைப் பார்த்த அதே பார்வை.

"அப்ப, அந்த பஸ் ஸ்டாண்டு சார் நீங்கதானுங்களா?"

காலை 10.30.

அவர் கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. என் கேமராவைக் கேட்டார். தயங்கித்தான் கொடுத்தேன். பின்மூடியைக் கழற்றினார். ஃபிலிம் ஓடும் இடத்தில், பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடும் எண்ணெய்த்தாளில் ஒரு துண்டை ஒட்டினார். லென்ஸைத் திருகி மாட்டி, ஷட்டர் திறந்தே நிற்கும்படி செய்தார். கேமராவைப் பலகைக்கு எதிரே ஸ்டாண்டில் வைத்து, ஒரு கறுப்புத் துணியை என் தலைமேல் போட்டார்.

"ஜன்னல்ல பாத்து எழுத்த ஒண்ணாக்குங்க. அப்பறம் தாளப் பாருங்க."

ஜன்னலில் இரண்டு 'க'வும் ஒன்றாயின. துணிக்குள் தாளைப் பார்த்தேன். தலைகீழாக ஒரு 'க', மாவில் எழுதியதைப் போல மங்கலாக.

"பார்த்தியா! லென்ஸ் கோளாறுதான்" என்றேன். சொல்லும்போது ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"சரிங்க. இப்ப உங்க சொந்த லென்ஸ மாட்டுங்க."

என் ஐம்பதை மாட்டினேன். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பை முழுக்கத் திறக்கச் சொன்னார். ஜன்னலில் ஒன்று, தாளில் மங்கல். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து வளையத்தை ஒரு மயிரிழை திருப்பச் சொன்னார். தாளில் 'க' கத்தி போலத் தெளிவானது. ஜன்னலில் இப்போது இரண்டு 'க'.

இத்தனை நாள் இந்த லென்ஸில் நல்ல வெயிலில், திறப்பைச் சுருக்கியே எடுத்துவந்தேன். அப்படி எடுத்தால் சின்னப் பிசகு தெரியாது.

பர்வீன் கேமராவைத் திருப்பி, ஜன்னலுக்குப் பக்கத்தில், இரண்டு பிம்பங்களும் எங்கே ஒன்றாக வேண்டும் என்பதை வைக்கும் பொடித் திருகு ஒன்றைப் பார்த்தார். அதன் தலையில் கீறல்.

"இதய யாருங்க திருகுனது?"

இந்தக் கேள்வியைச் சற்று முன்பு நான்தான் அவரைக் கேட்டேன். "நான்தாம்மா" என்றேன்.

நடந்தது இதுதான். இரண்டு வருடம் முன்பு கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு சீக்கிரமாகவா? சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குள் அரித்தது. வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, தூரத்துப் பொருளைப் பார்த்துத் திருகை நானே 'சரி' செய்தேன்.

"எதயப் பாத்து வெச்சீங்க?"

"மூணு வீடு தள்ளி இருக்கிற தண்ணித் தொட்டியை."

பர்வீன் சிரித்துவிட்டார். "மலைமேல கோட்ட இருக்கற நாமக்கல்லுல தொட்டியப் பாத்தீங்களா சார்? கிலோமீட்டர் கணக்குல தள்ளி இருக்கறதப் பாத்து வெக்கோணுங்க."

நான் சிரிக்கவில்லை. "அப்ப பழனியப்பன்?" என்று கேட்டேன்.

"அண்ணன் நொம்ப மனசு ஒடிஞ்சு போயிட்டாருங்க. லென்ஸ எடுத்துக்கிட்டு இங்க வந்து, 'கண்ணு, என் கண்ணுல படாத கோளாறு எதோ இருக்குது, நீ பாரு'ன்னாரு. ஒண்ணுமில்லைன்னு நான் சொன்னப்பவும் நம்பல. இன்னொருக்கா தொறந்து பாருன்னாரு. அதுக்கப்பறம் லென்ஸ் வாங்கி விக்கறதயே நிறுத்திட்டாருங்க. தன் கண்ணு மேலயே நம்பிக்கை இல்லாமப் போச்சுன்னு சொல்றாரு."

அவமானம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள் முகத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். என் முகத்தில் இருந்ததை பர்வீன் பார்க்காமல் வேறு வேலையில் இறங்கினார். அது அவருடைய பெருந்தன்மை.

மதியம் 1.20.

திருகைச் சரிசெய்யத் தூரத்து மலைமேல் இருந்த செல்போன் கோபுரம் வேண்டும். ஆனால் கடைக்குப் பின்னால் பனி இறங்கி, எதிர்வீட்டுக் கூரையே தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். ஒரு டீ பன்னிரண்டு ரூபாய், இரண்டு குடித்தேன். கொய்யாப் பழங்களை ஆளுக்கு ஒன்றாகத் தின்றோம். பனி விலகியதும் மூக்குக்கண்ணாடித் திருப்புளியால் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். அவ்வளவுதான். கால் சுற்றுக்காக ஒரு மனிதரைச் சந்தியில் நிறுத்தியிருக்கிறேன்.

பணத்தை எடுத்தேன். பேரம் பேச வாய் வரவில்லை. பர்வீன் லென்ஸைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தார்.

"இது அண்ணனோட லென்ஸுங்க. குப்பனூர்ல அவரு ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் கடை வெச்சிருக்காரு. அந்த வழியா எறங்கற பஸ் ரெண்டே முக்காலுக்கு. பணத்த அவருகிட்டயே குடுத்துருங்க."

"லென்ஸை இப்பவே தர்றியா? நான் குடுக்காமப் போயிட்டா?"

"மாப்பிள்ளையத்தான் பாத்துட்டேனே" என்றார். "நான் போன்ல சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்மா. நானே சொல்றேன்."

மாலை 4.05, குப்பனூர்.

இந்தப் பாதையில் சுற்றுலாக் கார்கள் குறைவு. காப்பித் தோட்டங்கள் விலகி, மூங்கிலும் புதருமாகி, கடைசியில் சூடு முகத்தில் அடித்தபோது அடிவாரம் வந்திருந்தது. வழி நெடுகச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

கடை சாலையோரத்திலேயே இருந்தது. பழனியப்பன் ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு என் தோள்பையைப் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மேஜை டிராயரை இழுத்தார்.

"வாங்க சார். மறுபடியும் எதாச்சும் கோளாறுங்களா? சத்தம் மட்டும் போடாதீங்க, பக்கத்துல எல்லாம் தெரிஞ்சவிங்க. பணத்த இப்பவே குடுத்தர்றேன்."

என் கையில் அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் இருந்தது. அவர் கை டிராயருக்குள் எனக்காகத் துழாவிக்கொண்டிருந்தது. எந்தப் பரிசோதனையிலும் நான் இப்படி நின்றதில்லை.

"கோளாறு லென்ஸ்ல இல்லீங்க. என் கேமராவுல. நான் திருகுனதுல" என்றேன். தண்ணீர்த் தொட்டி முதல் எண்ணெய்த்தாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து மளிகைக் கடைக்காரருக்கும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன்.

அவர் டிராயரை மூடினார். "அப்ப லென்ஸ் நல்லதுதானுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மிக்ஸியின் மூடியைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடியும் கேட்டார். "நெசமாலுமே நல்லதுதானுங்களா?"

பணத்தை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எதுக்குங்க?" என்றார். ஆனாலும் நான் ஃபிலிமை மாட்டும்வரை நின்றார். ஜன்னலில் அவருடைய இரண்டு முகங்களும் நகர்ந்து ஒன்றாயின. இந்த முறை அதை நம்பி அழுத்தினேன்.

ஊர் திரும்பி, குழுவில் என் தவற்றை என் பெயரோடு எழுதினேன். மறுநாள் காலை முதல் வேலையாக மொட்டைமாடிக்குப் போய்க் கேமராவை வெகு தூரத்துக் கொல்லிமலை முகட்டுக்கு நீட்டினேன். முகடு ஒன்றாகவே தெரிந்தது. இத்தனை வருடமாக அந்த மலை அங்கேதான் இருந்திருக்கிறது.

சுருளைக் குளியலறையில் கழுவிப் பிரிண்ட் போட்டேன். என் மனைவிதான் பழனியப்பன் படத்தை முதலில் பார்த்தாள். "கண்ணு எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு!" என்றாள். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு இமை முடியையும் எண்ணலாம். அந்தக் கண்கள் என்னைச் சிறிதும் நம்பவில்லை என்பதும் அதே அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தது.