ஏழுமலை மாமாவின் மடி

செங்கல்பட்டு கோர்ட்டில், எங்கள் இல்லத்துப் பெண் ஒருத்தியின் வழக்குக்காக நின்றிருந்தபோது படாளத்திலிருந்து போன் வந்தது. ஏழுமலையின் தம்பி. "அண்ணன் போயிடுச்சு மேடம். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சு, அவ்ளோதான்."

சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் ஓட்டிய ஏழுமலையை உங்களில் பலருக்குத் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் இல்லத்துக்கு அடிபட்டும் ஒதுக்கப்பட்டும் வருகிற பெண்களின் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் தாய்மாமன். காது குத்தும்போது பிள்ளை உட்கார மாமன் மடி வேண்டுமே, பிறந்த வீடே கதவைச் சாத்தியவர்கள் எங்கே போவார்கள்? அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வருகிறது, என்ன செய்ய.

முதல் தடவை நான்கு வயசுப் பெண் ஒருத்தி. ஆண்களைக் கண்டாலே மேசைக்கடியில் ஓடி ஒளிவாள். நான் அவளைத் தூக்கி அவர் மடியில் வைக்கப் போனேன். "வேணாம் மேடம், புள்ள தானா வந்து குந்தட்டும்" என்று சொல்லிவிட்டுச் சப்பணம் போட்டுக் காத்திருந்தார். ஒரு மணி நேரம். காது குத்த வந்த பத்தர் முணுமுணுத்தார், மனிதர் அசையவில்லை. கடைசியில் அவளாகவே வந்து உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் அவள் சும்மா இருந்தாள், ஏழுமலைதான் ஓவென்று அழுதார். அதை வைத்து அவரைக் கடைசிவரை கிண்டல் செய்திருக்கிறோம்.

கஸ்தூரி விஷயம் வேறு. முட்டுக்காட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷன் அடி தாங்காமல் மகள் தர்ஷினியோடு வெளியேறியவளை, மானத்தை வாங்கிவிட்டாய் என்று அண்ணன் தேசிங்கு வீட்டுக்குள் சேர்க்கவில்லை. மகளுக்கு ஏழு வயசாகியும் காது குத்தவில்லை. "எங்கண்ணன் மடி இல்லாம வேணாம்" என்பாள். அவன் வந்தால் அவளுக்குப் பிறந்த வீடு உண்டு, வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

அவளிடம் கேட்டுக்கொண்டு நானும் ஏழுமலையும் போனோம். தேசிங்கு கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். எப்படிக் கெஞ்சலாம் என்று நான் யோசிப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம ஒன் தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்து. என் மடியிலதான் குந்துது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நீ இன்னா மொற அவளுக்கு?"

"நீ வுட்ட மொறதான்."

காரியத்தையே கெடுத்துவிட்டீர்கள் என்று வழியெல்லாம் அவரைத் திட்டினேன். "கெஞ்சினா முறுக்கிக்குவான் மேடம். எடத்த வேற ஒருத்தன் புடிச்சிகினா ஓடியாருவான்" என்றார். நான் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே அமர்க்களம். வேன் டிரைவர்கள் வரிசையாகச் சீர்த்தட்டு தூக்கிவர, ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அலற, ஏழுமலை பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வந்திறங்கினார். தர்ஷினி ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். பத்தர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு தேசிங்கு வந்தான். கையில் தட்டு, பின்னால் மனைவி. ஏழுமலை எழுந்து இடம் கொடுப்பார் என்று எல்லாரும் பார்த்தோம். அவர் எழவில்லை.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குற? தங்கச்சிகிட்ட கேளு."

தேசிங்கு தட்டை மனைவி கையில் கொடுத்தான். பிறகு அத்தனை பேர் முன்னாலும், "தப்பு என்னுதுதான் கஸ்தூரி. நான் குந்தட்டுமா?" என்றான்.

இத்தனை நாள் காத்திருந்த கஸ்தூரி அவனைக் கொஞ்சம் காக்கவைத்தாள். "ஒரு காது இவரு மடியில. இன்னொரு காது ஒன் மடியில" என்றாள்.

அப்படியே நடந்தது. இந்த முறை மாமன்கள் இரண்டு பேரும் அழுதார்கள்.

நேற்று படாளத்தில் அடக்கம். தேசிங்கும் வந்திருந்தான். இல்லத்தில் அடுத்து காது குத்தவேண்டிய கைக்குழந்தை ஒன்று இருப்பது அவனுக்குத் தெரியும். "அந்தக் கொழந்தைக்கு நான் வரட்டுமா மேடம்?" என்று கேட்டான். சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். நல்லது செய்ய வருகிறவராக இருந்தாலும் முதலில் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். ஏழுமலையிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்த அதன் அம்மாவைக் கைகாட்டினேன். தேசிங்கு அவளிடம் கேட்கப் போனான்.