ஏன் மேடம்

குப்பைக்கூடையை மேசைமேல் கவிழ்த்தாகிவிட்டது. ஆரஞ்சுத் தோல், பஸ் டிக்கெட்டுகள், மூடியில்லாத பேனா எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கசங்கிய விண்ணப்பங்களை மட்டும் எடுத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருக்கிறார். நீவிய தாளில் எந்தக் கட்டத்தில் எழுத்து அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். பக்கத்தில் விரித்த நோட்டில் ஏழாம் கட்டத்துக்கு நேராக ஒரு கோடு. அடுத்த தாள். மறுபடி ஏழு. அதற்கடுத்ததும் ஏழு.

"பாத்தியா, எல்லாரும் ஏழுலதான் விழறாங்க. குழி அங்கதான் இருக்கு," என்கிறார், கூட்டிப் பெருக்கும் பெண்ணிடம்.

"குழிய அப்பறம் மூடிக்கலாம் மேடம். என் கூடைய எப்பத் தருவீங்க?"

மணி எட்டரை. பிறப்பு, இறப்பு, வாரிசு, முகவரிச் சான்றிதழ்கள் தரும் அந்த அரசு அலுவலகத்தின் கூடம் ஒன்பதரைக்குத்தான் திறக்கும். சுவரோரம் நான்கு ஜன்னல்கள், அவற்றுக்கு எதிரே ஆறு வரிசை நாற்காலிகள், நடுவில் நின்றுகொண்டே எழுதுவதற்கான உயர மேசை. அந்த மேசைக்கு அடியில் இருக்கும் கூடைதான் அவருக்கு முக்கியம். "ஜனங்ககிட்ட கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அவங்களுக்கு ஆயிரம் வேல. கூடைக்கு என்ன வேல?" என்பார்.

பதவியின் பெயர் தர மேலாண்மை ஆலோசகர். ஓராண்டு ஒப்பந்தம், இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது. அலுவலக அமைப்பைக் காட்டும் படத்தில் இயக்குநரின் பெட்டிக்குப் பக்கத்தில், புள்ளிக்கோட்டால் இணைத்த ஒரு சின்னப் பெட்டி அவர். "நான் புள்ளிக்கோடு. என்னை யாரும் திட்டவும் முடியாது, நான் சொல்றத யாரும் கேக்கவும் வேண்டாம்." இதைச் சிரிக்காமல் சொல்வார்.

எதற்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்பது அவருடைய தொழில்முறை. பிரிண்டர் நின்றது ஏன், மை தீர்ந்தது ஏன், வாங்கிவைக்காதது ஏன், எழுதிக்கொடுக்காதது ஏன், எழுதிக்கொடுக்க வேண்டியவர் யார் என்பதே தெரியாதது ஏன். மூன்றாவது கேள்விக்குள் ஆட்களுக்கு எங்காவது போக வேண்டிய அவசரம் வந்துவிடும். 'ஏன் மேடம்' என்ற பெயர் அப்படி வந்தது. வீட்டிலும் தப்பவில்லை. சமைப்பது கணவர்தான். "உப்பு கூடிப்போச்சு. கை தவறிடுச்சு. இதோட நிறுத்திக்கோ," என்று சொல்லியபடியேதான் தட்டை வைப்பார். நர்ஸாக இருக்கும் மகள் தாமதமாக வந்தால் வாசலிலேயே அறிவித்துவிடுவாள்: "பஸ் வரல. ஏன் வரலன்னு பஸ்ஸக் கேளு."

கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டுகிறார்; நேரம் குறிப்பது பிறருக்குத் தெரியக் கூடாது. மதியச் சாப்பாடு கூடத்தின் கடைசி வரிசையில், காத்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டபடி. அந்த வரிசையில் ஆடும் நாற்காலி ஒன்றை மாற்றச் சொல்லி எழுதிப்போட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அந்தக் காகிதம் இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்ப்பதுபோல வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இங்கே வருவதற்கு முன் இருபத்தொரு வருடம் பாட்டில் மூடி செய்யும் ஆலையில் தரப் பரிசோதனை. அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று, குறை அறிக்கையின் 'காரணம்' என்ற கட்டத்தில் ஆள் பெயரை எழுதவிடாதது. யாராவது எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "மூடி கோணலா வந்தா மூடியத் திட்டுவீங்களா? மெஷினப் பாருங்க," என்பார்.

நான்கு ஜன்னல்களுக்கும் காலாண்டுக்கு ஒருமுறை அவர் தயாரித்த பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஒரு விண்ணப்பத்தை முடிக்கச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்பது கணக்கு. போன காலாண்டில் ஒன்றாம் ஜன்னலுக்கு இரண்டு நாள். அங்கே இருக்கும் இளைஞருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மூன்றாம் ஜன்னலுக்குப் பத்தொன்பது நாள். அங்கே இருப்பவரை எல்லோரும் அக்கா என்பார்கள், அவரைவிட நான்கு வயது பெரியவரான மேடம் உட்பட. பட்டியலைப் பார்த்த இயக்குநர், அக்காவைக் கீழ்த்தளத்துப் பதிவறைக்கு மாற்ற முடிவு செய்தார். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆள் வேண்டியிருந்தது.

ஆணை தட்டச்சாகி உள்ளே போன செவ்வாய்க்கிழமை காலை, அக்கா தன் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன மேடம், கூடையில என் பேரு கெடச்சுதா?"

"ஏன் அக்கா அப்படிச் சொல்றீங்க?"

"நாலு மணிக்குக் கையெழுத்தாம். நாளையிலேருந்து நான் கீழ. எனக்கு இழுப்பு இருக்கு. மூணு தடவ ஆஸ்பத்திரில போய்ப் படுத்திருக்கேன். அங்க பூரா தூசி. உங்க சார்ட்டுல அது எந்தக் கட்டத்துல வரும்?"

"ஏன் லேட்டாகுதுன்னு உங்ககிட்ட வந்து கேட்டேனே. அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டப்போ ஜன்னல்ல பதினேழு பேர் நின்னாங்க. உங்களப் பாப்பேனா, அவங்களப் பாப்பேனா?"

மேடம் நோட்டை மூடிக்கொண்டு நகர்ந்தார்.

பதினொரு மணிக்குக் கூடையை இரண்டாம் முறை பார்த்தபோது, குண்டூசி குத்திய ஐந்து சீட்டுகள் கிடைத்தன. 'குறை உள்ளதால் திருப்பப்படுகிறது' என்று அச்சடித்த திருப்புச் சீட்டுகள். ஐந்திலும் ஒரே பெயர். ஐந்தும் ஒன்றாம் ஜன்னலில் கொடுத்தவை. முதல் சீட்டுக்கும் கடைசிச் சீட்டுக்கும் இடையே மூன்று மாதம். ஒன்றில் புகைப்பட அளவு, ஒன்றில் தேதியை எழுத்தால் எழுதாதது, இப்படி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு குறை. ஒவ்வொன்றிலும் நீல மையில் 'முடிந்தது' என்ற முத்திரை.

சீட்டுக்காரர் இன்னும் கூடத்தில்தான் இருந்தார். கழுத்தில் அளவு நாடா. தையல்காரர். அண்ணன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. வாரிசுச் சான்றிதழுக்கு வந்தவர்.

"இது உங்களுதா?"

"ஆமாம்மா. கூடையிலதானே போட்டேன்? அதுக்கு ஏதாவது அபராதமா?"

"ஏன் போட்டீங்க?"

"இனிமே அது எதுக்கு? மூணாம் நம்பர்ல என் பேப்பர வாங்கி வச்சுக்கிட்டாங்க. சாட்சிக்காரர் கையெழுத்து ஒண்ணு விட்டுப்போச்சாம். அவரு நம்பரக் குடுங்க, நானே கூப்புட்டு வரச்சொல்றேன், நீங்க போய்க் கடையத் திறங்கன்னுட்டாங்க."

"அப்போ மொதல்லயே ஏன் ஒண்ணாம் நம்பருக்குப் போனீங்க?"

"அங்கதான் கூட்டமே இல்ல."

"ஏன் கூட்டம் இல்ல?"

தையல்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இந்த ஆபீசா, போலீசா? வாங்கின கையோட திருப்பிக் குடுத்தா கூட்டம் எப்படிம்மா நிக்கும்?"

அடுத்த ஏனை அவரிடம் கேட்கவில்லை. எக்ஸ்பிரஸிடம் போய்க் கேட்டார்.

"குறை இருந்தா திருப்பணும்னுதானே மேடம் விதி? ஒரு குறை கண்ணுல பட்டதும் திருப்பிடுவேன். மிச்சத்தையும் படிச்சுக்கிட்டிருந்தா நாள் ஓடிடும். உங்க சார்ட்டுல ஏறும்." அவர் முகம் மாறியது. "ஏன் மேடம், தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்ல. நான் எழுதி வச்சதத்தான் செஞ்சிருக்கீங்க."

எழுதிவைத்தது ஒரே வரி. 'விண்ணப்பம் மேசையை விட்டு நீங்கும் நாளே, அது முடிந்த நாள்.' மூன்று வருடத்துக்கு முன் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் எழுதியது. ஆலையில் அப்படித்தான் கணக்கு. அங்கே கழித்துப் போட்ட மூடி எதுவும் மறுநாள் காலையில் திரும்பி வந்து வரிசையில் நின்றதில்லை.

திருப்புச் சீட்டுகளின் ஏட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னலுக்கு முப்பது பேராக எடுத்து, ஒருவர் முதல்முறை வந்த நாளிலிருந்து சான்றிதழ் கைக்குக் கிடைத்த நாள்வரை எண்ணினார். அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்கினார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு இயக்குநர் அறைக்குள் போனபோது கையில் ஒரே ஒரு தாள் இருந்தது.

இயக்குநர் பேனாவைத் திறந்துவைத்திருந்தார். கோப்புகள் அடுக்கில் இருந்தன.

"மூணாம் நம்பர் பத்தொன்பதுதான் சார். அது மாறல. ஒண்ணாம் நம்பர்தான் மாறுது. ரெண்டு இல்ல, நாப்பத்தொண்ணு."

இயக்குநர் தாளை வாங்கிப் பார்த்தார். "சார்ட் மேலிடத்துக்குப் போயாச்சு மேடம். பாராட்டுக் கடிதமும் வந்தாச்சு. அத மாட்ட ஆணிகூட அடிச்சாச்சு."

"ஆணியப் புடுங்கிடலாம் சார்."

"அப்போ ஒண்ணாம் நம்பர கீழ அனுப்பிடவா?"

"அவரு நான் சொன்னதச் செஞ்சாரு."

"யாரையாவது அனுப்பணுமே."

"பதிவறைக்கு ஆள் வேணும்னா யாரு போறீங்கன்னு கேட்டு அனுப்புங்க. தண்டனைன்னு அனுப்பாதீங்க. அதுவும் இழுப்பு இருக்கறவங்கள."

இயக்குநர் பேனாவை மூடினார். "சரி. அளவு தப்புன்னு எழுதிக் குடுங்க. காரணம்னு என்ன போடுவீங்க? அந்தக் கட்டத்துல பேர் வரக் கூடாதுன்னு நீங்கதான் எங்கள எல்லாம் விரட்டுவீங்க."

"இதுல வரட்டும் சார். என் பேரு."

"உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் இதே மேசைக்கு வருது. இந்தப் பேப்பரையும் சேத்துத்தான் நான் வைக்கணும்."

"வைங்க."

நின்றபடியே எழுதினார். நான்கு வரி, கையெழுத்து, தேதி. இயக்குநர் இரண்டு முறை படித்தார். அடுக்கிலிருந்து ஆணையை உருவினார். கிழிக்கவில்லை. இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இப்போதைக்கு," என்றார்.

மறுநாள் புதன்கிழமை. கூடம் ஒன்பதரைக்குத் திறந்தது. அறிவிப்புப் பலகையில் பட்டியல் இல்லை; அது இருந்த இடம் மட்டும் சற்று வெளுப்பாகத் தெரிந்தது. ஆணை இழுப்பறையிலேயே இருந்தது. பதிவறைக்கு யாரும் போகவில்லை. ஒன்றாம் ஜன்னலில் எட்டுப் பேர் நின்றார்கள். எக்ஸ்பிரஸ் ஒரு விண்ணப்பத்தைக் கடைசிக் கட்டம்வரை படித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் ஜன்னலில் அக்காவே இருந்தார்.

பத்து மணிக்கு மேடம் முதல் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவு வழியாக உள்ளே போனார். மூன்று வருடத்தில் ஜன்னல்களுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததில்லை. இடம் குறுகலாக இருந்தது. நாற்காலியைக் கையில் பிடித்தபடி மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார். அக்கா யாரோ ஒரு சாட்சிக்காரரிடம் போனில், "ஆமா, நீங்க நேர்ல வரணும், அஞ்சு நிமிஷ வேலதான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தாமல், தரையில் கிடந்த தன் சாப்பாட்டுப் பையைக் காலால் சுவரோரம் தள்ளினார்.