ஜெயா ஆன்டி எழுந்திருக்க ஒரு மெத்தை

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, படுப்பது.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு மெத்தைக் கடை அது. அதற்கு முன் ஷா ஆலாமில் ஒரு ஃபோம் தொழிற்சாலையின் லேபில் இருந்தேன். படித்தது பாலிமர் டெக்னாலஜி. லேபில் மெத்தைத் துண்டை மேடையில் வைத்து, வட்டமான ஒரு தட்டை மேலிருந்து இறக்கி, எவ்வளவு விசைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். அந்த எண் தெரிந்தால் மெத்தையே தெரிந்த மாதிரி என்று நினைத்திருந்தேன். கடை முதலாளி மணியம் என் சர்டிஃபிகேட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதெல்லாம் ஓகே லா. முதல்ல எல்லா மெத்தையிலயும் படுத்துப் பாரு. கஸ்டமர் கேட்டா முதுகக் கேட்டு பதில் சொல்லணும்."

படுத்தேன். ஸ்பிரிங், மெமரி ஃபோம், லேடெக்ஸ், தேங்காய் நார் என்று மதியம்வரை படுத்துப் படுத்து எழுந்ததில் நிஜமாகவே களைத்துப்போனேன். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது டென்சிட்டி பற்றித்தான். நான் அவர்களுக்கு ஜெயா ஆன்டி கதையைச் சொல்கிறேன். டென்சிட்டி பிறகு வரும்.

உள்ளங்கைச் சோதனை

கடையில் நான் முதலில் கவனித்தது, யாரும் படுப்பதில்லை என்பது. ஆண்கள் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு முறை எம்பிப் பார்ப்பார்கள். நம் பெண்கள் அதுவும் செய்யமாட்டார்கள். உள்ளங்கையால் அழுத்திவிட்டு, "நல்லா இருக்கு" என்பார்கள். புடவையோ பஞ்சாபி சூட்டோ உடுத்திக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் நடந்து போகும் கடையில் யார் மல்லாந்து படுப்பார்கள்? எனக்கே முதல் நாள் கூச்சமாகத்தான் இருந்தது.

மூட்டுவலிக்காரர்களுக்கு இந்த உள்ளங்கைச் சோதனை இன்னும் மோசம். வீங்கிய விரலுக்கு எல்லா மெத்தையும் கல்தான். இடுப்பும் தோளும் என்ன சொல்லும் என்று கைக்கு எப்படித் தெரியும்?

பாஸிடம் சொல்லி, கடையின் பின்பக்கம் சுவரை ஒட்டி ஒரு கட்டில் போட்டு, சுற்றிலும் திரை கட்டினேன். "மெத்தைக் கடையா, கிளினிக்கா?" என்றார். ஆனால் திரைக்கான கம்பியை அவரே வாங்கி வந்து மாட்டினார்.

காப்பித்தூள் டப்பா

ஜெயா ஆன்டி தன் மகன் தினேஷுடன் வந்தார். பண்டமாரானில் வீடு. பல வருடங்களாக ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். ருமட்டாய்டு, அதாவது முடக்குவாதம். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் தடித்திருந்தன. வலது தோளும் வலது மணிக்கட்டும் ரொம்ப மோசம். வந்ததும் மெத்தையைக் கையால் அழுத்தவில்லை, முழங்கையால் குத்தினார். கை வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"சிஸ், இருக்கிறதுலயே ஹார்டா ஒண்ணு கொடுங்க" என்றார் தினேஷ். "மூட்டுவலின்னா பலகை மாதிரி இருக்கணும்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"அந்த எல்லாரும் என் கட்டில்ல வந்து படுக்கட்டும்" என்றார் ஆன்டி.

நான் என் கேள்விகளைத் தொடங்கினேன். எந்த மூட்டில் வலி? மல்லாந்து படுப்பாரா, பக்கவாட்டிலா? இரவில் புரளும்போது விழிப்பு வருகிறதா? வியர்க்கிறதா? டாக்டர் மருந்து கொடுக்கிறாரா? கடைசிக் கேள்வி முக்கியம். மெத்தை மருந்தல்ல என்பதை விற்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"மருந்து ஒழுங்கா சாப்பிடுறேம்மா. காலையிலதான் பிரச்சினை. உடம்பு அப்படியே பூட்டிக்கும். காப்பித்தூள் டப்பா மூடிய ஒரு திருகுல திறக்க முடியணும். முடிஞ்சாதான் வேன் சாவியத் தொடுவேன். ஸ்டியரிங் பிடிக்கிற கை, விளையாட்டா? பிள்ளைங்க உக்காந்திருக்கு."

"மூடி திறக்கலன்னா?"

"பக்கத்து லைன்ல ஒரு அண்ணன் வந்து ஓட்டுவாரு. முன்ன எப்பவாவதுதான். இப்ப பாதி நாள் அவருதான் ஓட்டுறாரு."

தினேஷ் குரலைத் தாழ்த்தவில்லை. "வேன விக்கலாம்னு பேசிட்டோம் சிஸ். ஒரு ஆளு வந்து பாத்துட்டும் போயிட்டாரு. வர்ற ஸ்கூல் லீவுக்குள்ள அம்மாக்கு சரியாகலன்னா கொடுத்துடறதுதான். நல்ல மெத்த போட்டுப் பாப்போம்னு இது கடைசி டிரை."

ஆன்டி செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்குள் போனார்.

அன்று மூன்று மெத்தைகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் சற்று நேரம் சும்மா படுத்திருக்கச் சொன்னேன். ஹார்டான தேங்காய் நார் மெத்தை அவர் தோளையும் இடுப்பையும் முட்டியது. மெமரி ஃபோம் முதலில் அவருக்குப் பிடித்தது. ஆனால் உடம்பு குழி போட்டு இறங்கிவிடுவதால் புரளும்போது சிரமப்பட்டார். "சேத்துல மாட்டுன லோரி மாதிரி இருக்கும்மா." லேடெக்ஸ், நடுத்தரமான ஃபர்ம், சரியாக அமைந்தது. தோள் இறங்க இடம் கொடுத்தது, புரண்டதும் உடனே மேலே தள்ளிக்கொடுத்தது. ஓரமும் உறுதியாக இருந்தது. உட்கார்ந்து எழும்போது சரியவில்லை. கால் தரையில் முழுதாகப் படிந்தது. உயரமும் சரி.

"இதுதான்" என்று தானே எழுந்து வந்தார். யாரும் கைகொடுக்கவில்லை.

வீட்டில் சிங்கிள் கட்டில்தான் இருந்ததாம். "அம்மா தாராளமா படுக்கட்டும்" என்று தினேஷ் குயீன் சைஸ் கட்டிலோடு எடுத்துக்கொண்டார்.

பாஸின் பந்தயம்

சில வாரங்கள் கழித்து ஆன்டி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கவலையாக இருந்தது.

"மெத்த நல்ல மெத்தம்மா. தூக்கம் நல்லா வருது. ஆனா காலையில எந்திரிக்கிறது முன்னவிட கஷ்டமா இருக்கு. இந்த வாரம் முழுக்க அண்ணன்தான் வேன் ஓட்டுறாரு."

தூக்கம் நன்றாக வருகிறது, எழுவது கஷ்டமாகிறது. இந்த இரண்டும் ஒன்றாக இருப்பது எனக்கு விசித்திரமாகப் பட்டது. லேபில் இப்படி முரணான ரீடிங் வந்தால் முதலில் மெஷினைச் சந்தேகிப்போம். இங்கே எது மெஷின்?

பாஸுக்குக் குழப்பமே இல்லை. "பிளாஸ்டிக் லா! உறைய கழட்டாம மேல பெட்ஷீட் போட்டிருப்பாங்க. அழுக்காகக் கூடாதுன்னு. நம்ம வீட்டுல ரிமோட்டுக்கே பிளாஸ்டிக் சுத்துற ஆளுங்கதானே நாம. பந்தயம், நான் தோத்தா தோசை என் கணக்கு."

நியாயமான ஊகம்தான். பிளாஸ்டிக்கோடு படுத்தால் வியர்க்கும், வழுக்கும், மெத்தை தன் வேலையைச் செய்யாது. வந்த புகார்களில் பலவற்றுக்கு அதுதான் காரணமாக இருந்திருக்கிறது. மதிய வேளையில் பண்டமாரானுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் ஹாலில் சோபா, முழுக்க பிளாஸ்டிக் உறையில் பளபளத்தது. பாஸ் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அது விருந்தாளிங்களுக்கு" என்றார் ஆன்டி என் பார்வையைப் பார்த்து. "மெத்தைல அன்னிக்கே கழட்டிட்டேன். பிளாஸ்டிக் மேல படுக்க நான் என்ன பாசார்ல விக்கிற மீனா?"

அறைக்குள் போய்ப் பார்த்தேன். உறை இல்லை. கட்டில் சட்டங்கள் நேராக இருந்தன. மெத்தை நடுவில் குழியவில்லை. உயரம் அளந்தேன், கடையில் இருந்த அதே உயரம். மேலே கூடுதலாக எதுவும் விரிக்கவில்லை. என் வரிசையில் இருந்த எல்லாமே சரியாக இருந்தது. தவறு எங்கேயும் இல்லை. ஆனால் ஆன்டியால் எழ முடியவில்லை.

"ஆன்டி, காலையில எப்படி எந்திரிப்பீங்களோ அப்படியே ஒரு தடவை செஞ்சு காட்ட முடியுமா? வலிச்சா நிறுத்திடுங்க."

"இப்ப மத்தியானம். உடம்பு இளகிடுச்சு. இப்ப பரவால்ல." படுத்தார். பிறகு வலது பக்கம் புரண்டார். வலது முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கினார். பாதியில் நின்றார். முகம் இறுகியது. இடது கையால் மெத்தை விளிம்பைத் தேடிப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒருவழியாக உட்கார்ந்தார்.

மத்தியானத்திலேயே இப்படி.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு அவர் கட்டிலில் நான் படுத்தேன். வலது பக்கமாக எழுந்தேன். என் எடை முழுதும் வலது தோளில் இறங்கியது. மறுபடி படுத்து, இடது பக்கமாக எழுந்து பார்க்கலாம் என்று விளிம்புவரை புரண்டேன். மூக்கு சுவரில் இடித்தது.

அப்போதுதான் விளங்கியது. கடையில் நான் போட்ட கட்டிலுக்கு வலது பக்கம் சுவர். அங்கே எல்லோரும் இடது பக்கமாகத்தான் எழ முடியும். ஆன்டி நல்ல தோளை ஊன்றி எழுந்து, "இதுதான்" என்று வெளியே வந்தார். பழைய சிங்கிள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வழி இருந்தது. வலிக்காத பக்கமாக, தன்னை அறியாமலே எழுந்திருக்கிறார். குயீன் சைஸ் வந்ததும் அறையில் இடம் போதாமல், அதை இடது பக்கச் சுவரோடு தள்ளிவிட்டார்கள். நோயுள்ள தோள் மட்டும்தான் வெளியே வரும் வழி.

வடக்கு

வேலை சுலபம் என்று நினைத்தேன். தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாற்றினால் இடது பக்கம் திறந்துவிடும்.

"ஆன்டி, தலையணைய அந்தப் பக்கம் போட்டுப் படுங்களேன்."

ஆன்டி ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது வடக்கும்மா."

"அப்படியா?"

"வடக்க தலை வச்சா படுப்பாங்க? எந்திரிக்கிறதுக்கு வழி கேட்டா, எந்திரிக்கவே வேணாங்கிறியே!"

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் வாதாடவும் இல்லை. ஒருவர் நிம்மதியில்லாமல் படுத்தால் எந்த மெத்தையும் வேலை செய்யாது. சுவரை நகர்த்த முடியாது என்பதுபோல வடக்கையும் எடுத்துக்கொண்டேன். அது இந்த அறையின் ஐந்தாவது சுவர்.

தலை தெற்கேதான் இருக்க வேண்டும். இடது பக்கம் திறக்க வேண்டும். அப்படியானால் கட்டில் கிழக்குச் சுவருக்குப் போக வேண்டும். அங்கே அலமாரி நின்றது, கூரையைத் தொடும் உயரத்தில்.

தினேஷுக்குப் போன் போட்டார் ஆன்டி. துறைமுகத்தில் வேலை, ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். நான் விளக்கியதும் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா, இடது பக்கமா எந்திரிச்சா செனாங், ஈஸின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே தெரியாதுடா. நீ ஆசையா பெரிய கட்டில் வாங்குன. மெத்ததான் சரியில்லையோ, நான்தான் முடிஞ்சிட்டேனோன்னு நெனச்சேன்."

தினேஷ் அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினார். புடவைகள், குத்துவிளக்கு, திறக்காத பரிசுப் பெட்டிகள், யாரோ கல்யாணத்தில் கொடுத்த தட்டுகள். எல்லாம் பிளாஸ்டிக் சோபாவில் குவிந்தன. ஆன்டி நாற்காலியில் இருந்து உத்தரவு போட்டார். "மெதுவா! தரை ஓடுகளக் கீறாத. டேய், கண்ணாடிப் பக்கம் பிடிக்காத." நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். அலமாரிக்குப் பின்னால் தினேஷ் பள்ளிக் காலத்தில் தொலைத்த பூப்பந்து கிடந்தது.

அலமாரி மேற்குச் சுவருக்கும் கட்டில் கிழக்குச் சுவருக்கும் போயின. ஆன்டி படுத்தார், தலை தெற்கே. இடது பக்கம் புரண்டார். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இடது முழங்கையை ஊன்றினார். உட்கார்ந்துவிட்டார். ஒரு முறை போதாதென்று மறுபடியும் படுத்து எழுந்தார். மூன்றாவது முறை நான்தான் போதும் என்றேன்.

"ஒவ்வொரு நாளும் சரியா இருக்கும்னு சொல்ல முடியாது ஆன்டி. டாக்டர்கிட்ட தோளக் காட்டுங்க."

"காட்டுறேன். நாளைக்கு மூடி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

மறுநாள் எந்தச் செய்தியும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நானாகக் கேட்கவில்லை, அவர் எழுவதை எண்ணிக்கொண்டிருக்க ஏற்கெனவே வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் போன் ஒலிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அந்த வாரக் கடைசியில் காலை வேளையில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் தகர மூடி திருகும் சத்தம். பிறகு வேன் கதவு, பிள்ளைகளின் கூச்சல். கடைசியாக ஆன்டியின் குரல்: "இந்த வாரம் ஒரு நாள்தான் அண்ணன் ஓட்டுனாரு. வேன் பாக்க வந்த ஆள தினேஷே வேணாம்னு சொல்லிட்டான். மெத்தைய விட அலமாரிதாம்மா நல்லா வேலை செய்யுது. ஏய், பின்னால சத்தம் போடாத, ஆன்டி பேசுறேன்ல!"

பந்தயத் தோசையை நான்தான் வாங்கச் சொன்னேன். பாஸ் வாங்கிக் கொடுத்தார்.

நான் கற்றுக்கொண்டது சிறிய விஷயம். மெத்தையைச் சோதிக்கும்போது படுப்பதை மட்டும் பார்க்கிறோம். மூட்டுவலிக்காரர் வாங்குவது எழுந்திருப்பதை. அது மெத்தையில் பாதிதான் இருக்கிறது. மீதி அவருடைய அறையில் இருக்கிறது. திரைக்குள் இருக்கும் கட்டிலை இப்போது நடுவில் போட்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் எழுந்து பார்க்கும்படி. யார் வந்தாலும் எந்த வகை மெத்தை, என்ன விலை என்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்: வலி எந்தப் பக்கம், சுவர் எந்தப் பக்கம், தலை எந்தத் திசை?

பாஸ் கல்லாவிலிருந்து கேலி செய்வார். "ஜாதகமும் கேளு லா. பொருத்தம் பாத்தே மெத்தைய அனுப்பலாம்."

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.