இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஓவிலா கடைக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். நான் கனடாவின் வடக்கே, பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறைந்த கபுஸ்கேசிங் ஊரின் பெரிய தெருவில் இருக்கும் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

“ஜோசியான், எங்க வீட்டு கம்ப்யூட்டர் இருமுது,” என்றார்.

எப்படி இருமுகிறது என்று கேட்டேன். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹார்ட் டிஸ்க் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டிருக்கிறார். காகித ஆலையில் பேரிங்கை அப்படித்தான் கேட்பார்களாம். மூன்று தட்டு, ஒரு மூச்சு, மறுபடி மூன்று தட்டு. கேபிளைக் கழற்றி மாட்டியாகிவிட்டது, தூசி ஊதியாகிவிட்டது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று கேட்கிறது என்று நான் பிரெஞ்சில் சொன்னேன்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“உள்ள இருக்கறதுக்கு வேற காப்பி வெச்சிருக்கீங்களா?”

“வெக்காம இருப்பேனா? முப்பத்தோரு வருஷம் மெஷின் பாத்தவன்மா நான். எல்லாமே ரெண்டு ரெண்டு இருக்கு.”

“அப்பப் பயமில்ல. சோதனைய ஓட விடுங்க. முடியற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

“எவ்வளவு நேரமானாலுமா?”

“எவ்வளவு நேரமானாலும்.”

“சரி. நிறுத்த வர்றவன் கைய ஒடிச்சிடறேன்,” என்று சிரித்துவிட்டு வைத்தார். நான் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டேன். அந்த இரண்டாவது காப்பி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஓவிலா பக்கத்துக் கிராமமான வால்-ரீத்தாவில் உருளைக்கிழங்கு பயிரிட்ட குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளை. பதினெட்டு வயதில் ஆலையில் சேர்ந்தார். இயந்திரப் பராமரிப்பு வேலை. அந்த இரைச்சலில் இடது காது முழுவதும் போயிற்று, வலது காது பாதி போயிற்று. பிள்ளைகள் இல்லை. போன வருடம் அவர் இறந்தபோது பத்திரிகையில் வந்த குறிப்பு ஆறு வரி. ஆலை, மூஸ் மான் வேட்டை, ஹாக்கி அரங்கின் பனித்தளத்தைப் பல வருடங்கள் சும்மாவே பராமரித்தது, அவ்வளவுதான் அதில் இருந்தது. கம்ப்யூட்டர் இல்லை.

அவர் மனைவி கிஸ்லேன் ஓயாமல் பேசுவார். கணவரின் காதுக்காகச் சத்தமாகப் பேசிப் பழகி, கடைசியில் எல்லோரிடமும் அதே சத்தம்தான். ஓவிலா ஷிப்ட் முடிந்து வந்து பூட்ஸைத் தட்டும்போது, “வந்துட்டியா, வீலா!” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே கேட்கும். என் அப்பா, “வந்துட்டாராம்,” என்று ரொட்டியை எடுப்பார்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று சட்பரி நகரத்து மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்கு முன் வேண்டிய வாக்கியங்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், பிறகு கம்ப்யூட்டரில் அழுத்தி அவர் குரலிலேயே பேசலாம் என்று அங்கே ஒரு பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். கிஸ்லேன் முந்நூற்று நாற்பது வாக்கியங்களைக் கோடு போட்ட பெரிய தாளில் பொடி எழுத்தில் எண் போட்டு எழுதினார். மூன்று வாரம் சமையலறையில் மைக்கை வைத்துப் பேசி முடித்தார். குளிர்சாதனப் பெட்டி உறுமுகிறது என்று ஓவிலா அதை அணைத்துவைப்பாராம். பால் இரண்டு முறை கெட்டுப்போனது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் தெருவில் எதுவும் மாறவில்லை. ஸ்பீக்கரை ஓவிலா முழுச் சத்தத்தில் வைத்திருந்தார். பூட்ஸைத் தட்டுவார். கிஸ்லேன் இருநூற்றுப் பன்னிரண்டை அழுத்துவார். “வந்துட்டியா, வீலா!” குப்பைத் தொட்டியை வைத்துவிட்டு வந்தால்கூட.

திங்கட்கிழமை காலை, கடை திறந்ததும், ஹார்ட் டிஸ்க்கைப் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி எடுத்து வந்தார் ஓவிலா. நடந்ததைச் சொன்னார். சோதனை சனிக்கிழமை ராத்திரி வரை ஓடியது. முப்பத்தொன்று சதவீதத்தில் நின்றுவிட்டது. தட்டும் சத்தம் உரசும் சத்தமாக மாறியது. பிறகு கம்ப்யூட்டர் எழவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை கிடையாது. தேவாலயத்துக்குப் போன இடத்தில் நண்பர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். டிஸ்க்கைக் குளிரில் வைத்தால் சில சமயம் கடைசியாக ஒருமுறை சுற்றும் என்றார்களாம். அவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஆலையில் இறுக்கமான இரும்புத் தண்டை உறைபெட்டியில் வைத்துச் சுருக்கித்தானே பேரிங்குக்குள் நுழைப்பார்கள். ஆனால் குளிர்ந்த பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஈரம் படிந்து வியர்த்துவிடும். துப்பாக்கியைக்கூட வேட்டை முடிந்து உள்ளே எடுத்துவர மாட்டார்கள், சூடேற்றாத வெளி அறையிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் அவர் டிஸ்க்கை உள்ளே கொண்டுவராமல் கம்ப்யூட்டரையே வெளி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பூட்ஸுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில், மைனஸ் இருபத்தெட்டு டிகிரியில், பனிவண்டி ஓட்டும்போது போடும் தடித்த உடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

டிஸ்க் சுற்றியது. மொத்தமாக எடுக்கப் பார்த்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றது. ஒவ்வொன்றாகப் பென் டிரைவுக்கு எடுத்தால் வந்தது. கிஸ்லேனின் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பென்சிலால் குறி போட்டுப் போட்டு எடுத்தார். அறுபத்து மூன்று வந்தன. பிறகு நின்றுவிட்டது.

“சரி, அந்த இன்னொரு காப்பி எங்க?” என்று கேட்டேன்.

துணிக்குள் இருந்த டிஸ்க்கைக் காட்டினார். “இதுலதான் இருக்கு. பக்கத்துலயே வெச்சேன்.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் சுவரில் ஒரு கொக்கி இருக்கும். மாற்று பேரிங்கை அதில்தான் மாட்டி வைப்பார்கள். நின்றுபோனால் கிடங்குக்கு ஓட வேண்டாம், கை நீட்டினால் போதும். அதே போல ஒரே டிஸ்க்கில், ஒரு ஃபோல்டருக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஃபோல்டர்.

டிஸ்க்கை டொரொன்டோவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அங்கிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டுகள் முழுக்கச் சுரண்டப்பட்டுவிட்டன, எதுவும் மிஞ்சவில்லை. சத்தம் வந்த அன்றே அணைத்திருந்தால் பெரும்பாலும் எடுத்திருக்கலாம் என்றார். முதல் பாதியை நான் எதிர்வீட்டில் போய்ப் பிரெஞ்சில் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை.

கிஸ்லேன் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி என் பக்கம் திருப்பினார்: “அறுபத்து மூணு போதும். நான் என்ன அவ்வளவு பேசுறவளா?”

நான் சிரித்துவிட்டேன். ஓவிலா சிரிக்கவில்லை.

மேசை மேல் அந்தத் தாள் இருந்தது. பென்சில் குறிகளைப் பார்த்தேன். வலிக்குது. தண்ணி. தலகாணிய உயர்த்து. டாக்டரைக் கூப்பிடு. மூச்சு முட்டுது. கழிப்பறைக்குப் போகணும். இருநூற்றுப் பன்னிரண்டில் குறி இல்லை.

வாசல்வரை என்னுடன் வந்த ஓவிலாவிடம், அதை ஏன் எடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். வலது காதுப் பக்கம் நின்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

“அது எனக்கு வேணுங்கறது,” என்றார். “அவளுக்கு வேணுங்கறத மொதல்ல எடுத்தேன். நேரம் இருக்கும்னு நெனச்சேன்.”

பிறகு பல நாள் சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையில் பூட்ஸ் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா ரொட்டியை எடுக்கும் முன் சற்று நிற்பார்.

மார்ச்சில், கூரையிலிருந்து பனி சரிந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை, ஓவிலா தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார், உட்காரவில்லை. கோட்டுக்குள்ளிருந்து கிஸ்லேனின் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

கம்ப்யூட்டரில் வரும் ஆயத்தக் குரலைப் போட்டுப் பார்த்தார்களாம். பாரிசுக்காரி மாதிரிப் பேசுகிறது, அந்தக் குரலில் தண்ணீர் கேட்டால் யாருக்கும் கொடுக்க மனம் வராது என்று கிஸ்லேன் எழுதிக்காட்டினாராம். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“நீ இந்தத் தெருவுல வளந்தவ. அவ மாதிரிதான் பேசுற, என்ன, சத்தம் கம்மி. விட்டுப்போனத நீ படிச்சுக் குடுப்பியா? அவகிட்ட கேட்டாச்சு. சரின்னுட்டா.”

நானே குறைவாகப் பேசுகிறவள். என் குரலை மைக்கில் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். படித்துத் தருகிறேன் என்றேன்.

தாளை என் பக்கம் நகர்த்தினார். நகர்த்திவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தார்.

“இத மட்டும் விட்டுடும்மா,” என்றார். “அந்த எடம் சும்மாவே இருக்கட்டும்.”