மாப்பிள்ளை தலைக்கு மேலே ஒரு பந்து

டவுன்டவுனில் எங்கள் அலுவலகத் தரைக்கு இன்று மெழுகு பூசியிருந்தார்கள். அந்த மணத்தோடு, நாங்கள் வளர்ந்த வில்லரேப் பகுதியில் இடித்துவிட்ட பழைய மண்டபம் மூக்குக்குள்ளேயே எழும்பி நின்றது. கூடைப்பந்துக்குக் கட்டிய அந்த மண்டபத்தில்தான் சனிக்கிழமைகளில் எங்கட சனத்தின் கலியாணங்கள். வடை மணமும் மெழுகு மணமும் கலந்து கிடக்க, கதிரைகள் வந்து இறங்கும்வரை நானும் மச்சாள் சுதாவும் சறுக்கிச் சறுக்கி விளையாடுவோம்.

"காசுக்குக் கூடைப்பந்து விளையாடின முதல் ஆக்களும் டான்ஸ் மண்டபங்களிலதான்ரா விளையாடினவை," என்பாள் புத்தகப்புழு சுதா. இப்படி வழுக்கும் தரையில் அவர்கள் எப்படித்தான் நின்றார்களோ என்று யோசித்து யோசித்தே நான் விழுவேன். ஒரு கூடைகூடப் போட்டதில்லை.

ஒருநாள் விழுந்துகொண்டே எறிந்த பந்து வளையத்துக்குள் போய்விட்டது. அதற்கு நேர் கீழே மணவறை சோடித்தவர்கள் வலையின் அடியைப் பூச்சரத்தால் இறுக்கிக் கட்டியிருந்ததால் அது கீழே வரவில்லை.

"விழேல்லை, கணக்கில்லை!" என்றாள் சுதா.

"அந்தக் கால ஆக்களின்ரை கூடைக்கு அடியில ஓட்டை இருந்ததோ?"

அவள் பல்லைக் கடித்தாள். "இல்லைத்தான்."

அன்று மாப்பிள்ளை தாலி கட்ட, அவர் தலைக்கு மேலே என் பந்து தொங்க, சபையே எழும்பி வாழ்த்தி அறுகரிசி தூவியது. பாதி எனக்கென்றே எடுத்துக்கொண்டேன்.